ஆர்லி மரத்தோட்டத்தை உருவாக்கியவர் யார்? செவர்ன் ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றின் வரலாறு

நாரை (இழையைத் தொடங்கியவர்)

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில், செவர்ன் ஆற்றின் கிழக்குக் கரை மேட்டில் இருக்கும் ஆர்லி மரத்தோட்டத்திற்குச் சென்ற மே மாத இறுதியில் போயிருந்தேன். எதிர்க்கரையில் நீராவி ரயிலிலிருந்து இறங்கி, நடைபாலத்தைக் கடந்து, ஊர்த்தெரு வழியாக மேடேறினால் தோட்டம் வந்துவிடுகிறது. ஏறத்தாழ 300 வகை மரங்கள் அங்கே உண்டு. வளைவுப் பந்தல் நெடுக லேபர்னம் மஞ்சள் சரங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நம் சரக்கொன்றைக்கு ஆங்கிலேயர் ‘இந்திய லேபர்னம்’ என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது அதன் கீழே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

இந்தத் தோட்டம் 1800ஆம் ஆண்டளவில் மவுண்ட்நோரிஸ் பிரபுவால் தொடங்கப்பட்டது என்றே அறிமுகக் குறிப்புகள் பொதுவாகச் சொல்கின்றன. வீடு திரும்பிப் படித்தபோதுதான், அந்தப் பட்டத்தைப் பெறுவதற்கு முன் அவர் வலென்ஷியா பிரபு என்று அழைக்கப்பட்டார் என்பதும், 1802 முதல் 1806 வரை கல்கத்தா, இலங்கை, இராமேசுவரம், தஞ்சாவூர், செங்கடல் என்று சுற்றி வந்த அதே பயணி அவர்தான் என்பதும் தெரியவந்தது. அப்படியானால் நம் நாட்டு மரங்களைக் கொண்டுபோய் அங்கே நட்டிருப்பாரோ என்ற எண்ணம் எழுகிறது. வரலாறும் தோட்டக்கலையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி

முதலில் பண்ணையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆர்லி பழைய மானியக் கிராமம். 1086ஆம் ஆண்டின் ‘டூம்ஸ்டே’ நிலப் பதிவேட்டில் அது உல்வர்ஹாம்ப்டன் தேவாலயத்துக் குருமார்களின் உடைமையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 1895 வரை ஊர் ஸ்டாஃபர்ட்ஷயரில் இருந்தது, அதன் பிறகே வூஸ்டர்ஷயரோடு சேர்க்கப்பட்டது. ஆகவே பழைய ஆவணங்களைத் தேடுபவர்கள் எந்த மாவட்டத்தின் கீழ் தேடுகிறோம் என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் பண்ணை லிட்டல்டன் குடும்பத்தாரிடம் இருந்தது. அக்குடும்பத்தின் இரண்டாம் பிரபுவான தாமஸ் லிட்டல்டன், ஒழுக்கக்கேட்டால் பெயர் கெட்டவர். 1779 நவம்பரில் அவர் திடீரென இறந்தார். மூன்று நாட்களுக்கு முன்பே கனவில் ஓர் உருவம் தோன்றி அவருடைய சாவை அறிவித்தது என்ற கதை அக்காலத்து லண்டன் முழுவதும் பேசப்பட்டது. அவருக்கு வாரிசு இல்லை. ஆர்லி அவருடைய சகோதரி லூசியின் மகனுக்குப் போயிற்று. தாய்மாமன் சொத்து இப்படிச் சிறுவயதிலேயே வந்து சேர்ந்த ஜார்ஜ் ஆன்ஸ்லி என்ற அந்தப் பையன்தான் பிற்காலத்து வலென்ஷியா பிரபு. 1816இல் தந்தை இறந்த பின் மவுண்ட்நோரிஸ் பட்டமும் அவருக்கு வந்தது.

இங்கே 1800 என்ற ஆண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1802 ஜூன் மாதம் அவர் ஹென்றி சால்ட் என்ற இளம் ஓவியரைச் செயலாளராக அழைத்துக்கொண்டு கப்பலேறினார், 1806இல்தான் திரும்பினார். நட்ட கன்றை விட்டுவிட்டு நாலாண்டுகள் போனவர் என்று கொண்டாலும், திரும்பிய பிறகு தொடர்ந்து நட்டவர் என்று கொண்டாலும், 1800 என்பதை ஒரு தொடக்க விழாவின் தேதிபோல எடுத்துக்கொள்ளக் கூடாது. பண்ணைத் தோட்டங்களுக்கு அடிக்கல் நாட்டும் வழக்கம் இல்லை.

பதியன்

நாரை அவர்களின் கேள்விக்கு நேரடி விடை: இல்லை. இராமேசுவரத்திலோ தஞ்சையிலோ அவர் கண்ட எந்த மரமும் செவர்ன் பள்ளத்தாக்கின் ஒரு குளிர்காலத்தைத் தாண்டாது. உறைபனியைத் தாங்கும் இந்திய மரங்கள் இமயமலைச் சரிவுகளில்தான் இருக்கின்றன. அவரோ கங்கைச் சமவெளி வழியாக லக்னோ வரை போனாரே தவிர, இமயத்திற்குள் நுழையவில்லை. அந்த மரங்கள் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்ததும் பிந்திய காலத்தில்தான். நீலப் பைன் 1820களில் வந்தது. தேவதாரு 1831இல் வந்தது. எனவே தேவதாரு ஒன்றைப் பார்த்து ‘பிரபு இந்தியாவிலிருந்து கையோடு கொண்டுவந்தது’ என்று யாரேனும் சொன்னால், கால் நூற்றாண்டுக் கணக்கு உதைக்கிறது.

உயிருள்ள கன்றுகளைக் கப்பலில் கொண்டுவருவதும் அந்நாளில் எளிதாக இல்லை. உப்புக் காற்றும், நன்னீர்ப் பற்றாக்குறையும், வெயில் மாற்றமும் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். நாதானியல் வார்டு என்ற மருத்துவர் மூடிய கண்ணாடிப் பெட்டியில் செடி தானே ஈரத்தைச் சுழற்றிக்கொண்டு வாழும் என்பதைக் கண்டதே 1829இல்தான், அந்தப் பெட்டிகள் கப்பல்களில் பரவலாக ஏறியது அதற்குப் பிறகு. 1806இல் திரும்பிய ஒருவரால் விதையும் கிழங்கும் கொண்டுவந்திருக்க முடியும், ஒரு தோட்டத்துக்கு வேண்டிய கன்றுகளை அல்ல.

ஒரு மரத்தை யார் நட்டிருக்க முடியும் என்று அறிய, நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையையே இங்கும் சொல்கிறேன். அந்த வகை மரம் நாட்டுக்குள் எந்த ஆண்டு வந்தது என்று முதலில் பாருங்கள். டக்ளஸ் ஃபிர் 1827. கடற்கரைச் செம்மரம் 1840கள். வெல்லிங்டோனியா என்று ஆங்கிலேயர் அழைக்கும் மாபெரும் செம்மரம் 1853. மவுண்ட்நோரிஸ் பிரபு 1844இல் இறந்துவிட்டார். ஆகவே எந்தப் பண்ணையிலும் வானுயர நிற்கும் வெல்லிங்டோனியாவின் அடியில் நின்று 1844க்கு முன் இறந்த ஒரு பிரபுவைப் புகழ்ந்தால், ஆள் மாறிப் புகழ்கிறோம் என்று பொருள். ஆர்லியில் பெயர்பெற்ற கிரிமியப் பைன் இந்தச் சோதனையில் தேறுகிறது. அது 1790 அளவிலேயே பிரிட்டனுக்கு வந்துவிட்ட மரம், முதல் நடவைச் சேர்ந்ததாக இருக்கத் தடை ஏதும் இல்லை. அதன் அடிமரத்திலிருந்து பல தண்டுகள் தேவாலய இசைக்கருவியின் குழல்களைப் போல நெருங்கி மேலெழுவதைப் பார்த்திருப்பீர்கள். நாட்டின் மிக உயரமான கிரிமியப் பைன்களில் அதையும் ஒன்றாக எண்ணுகிறார்கள்.

மருதத்திணை

பதியன் ஐயா சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஒரு பயணியின் ஆர்வத்தை வெறும் மரக்கன்றுகளால் மட்டும் அளந்துவிட முடியுமா? தாவரவியலாளர்கள் அவர் பெயரைச் செடிகளுக்கு வைத்தார்கள் என்று படித்த நினைவு இருக்கிறது. அது பட்டத்துக்காகக் கிடைத்த மரியாதையா, உழைப்புக்காகக் கிடைத்ததா?

இன்னொன்று. ‘அர்போரீட்டம்’ என்பதை மரத்தோட்டம் என்று எழுதிவருகிறோம், எனக்கு அதில் முழு நிறைவில்லை. தோப்பு என்றால் மாந்தோப்பு, தென்னந்தோப்பு என்று ஒரே இனம் நினைவுக்கு வருகிறது. நந்தவனம் பூசைக்குரியது. சோலையும் பொழிலும் கவிதைக்கு அழகு, ஆனால் ஆய்வு நோக்கத்தைச் சொல்லவில்லை. திருவானைக்காவில் இருக்கும் ‘கா’வையே எடுத்து ‘மரக்கா’ என்று சொன்னால் என்ன?

பதியன்

‘மரக்கா’ என்றால் என் பேத்தி மரத்தில் காய்க்கும் ஏதோ காய் என்றுதான் எண்ணுவாள். மரத்தோட்டமே இருக்கட்டும். பலவகை மரங்களை, வகைக்கு ஒன்றிரண்டாக, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயர் தெரிய வளர்ப்பது என்ற பொருளை நாம் உடன் சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லைப் பரவலாக்கியது தோட்டக்கலை எழுத்தாளர் ஜான் லவுடனின், 1838இல் முடிந்த பெருநூல்தான்.

ஏட்டுச்சுவடி

பெயர் வைத்த கதை சுவையானது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ராக்ஸ்பரோ, முட்கள் நிறைந்த பேரிலைகளையுடைய ஒரு நீர்த்தாவரத்திற்கு ‘ஆன்ஸ்லியா’ என்று பெயர் சூட்டினார், 1811இல் அது அச்சேறியது. ஆனால் 1805லேயே வேறொருவர் அதே செடிக்கு ‘யூரியேல்’ என்று பெயரிட்டு வெளியிட்டிருந்தார். முந்திய பெயரே நிற்கும் என்பது தாவரவியல் மரபு. எனவே ஆன்ஸ்லியின் பெயர் அந்தச் செடியைவிட்டு நீங்கியது. இது எந்தச் செடி என்று பலருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது: இன்று நம் மளிகைக் கடைகளில் மக்கானா என்று பொரித்து விற்கிறார்களே, அது இதன் விதைதான்.

ராக்ஸ்பரோவுக்குப் பின் அந்தத் தோட்டத்தைக் கவனித்த நாதானியல் வாலிச், 1829இல் பர்மாப் பக்கத்து மரம் ஒன்றுக்கு அந்தப் பெயரை மீண்டும் சூட்டினார். அது ‘ஆன்ஸ்லியா ஃப்ராக்ரன்ஸ்’ என்று இன்றும் நிலைத்திருக்கிறது. ஒருவர் விட்ட பெயரை இன்னொருவர் எடுத்து வைத்தார் என்றால், பட்டத்துக்கான மரியாதை மட்டும் என்று தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. ஆயினும் அந்த மரம் ஆர்லிக் குளிரில் வெளியே வளரக்கூடியது அன்று. அவர் பெயரைத் தாங்கிய இரண்டு செடிகளும் அவருடைய மரத்தோட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

பயணத்தில் உண்மையான விளைச்சல் கண்டவர் சால்ட் என்றே சொல்ல வேண்டும். இராமேசுவரம் கோயிலை அவர் வரைந்த காட்சி 1809இல் வெளியான அவருடைய ஓவியத் தொகுப்பில் இருக்கிறது. 1815இல் அவரை எகிப்துக்குத் தூதராக நியமித்தார்கள். அங்கிருந்தும் பிரபுவுக்காகத் தொல்பொருட்களைத் திரட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

நாரை

மிக்க நன்றி. நம் மரங்கள் அங்கே இல்லை என்பதில் சிறிது ஏமாற்றம்தான், ஆனாலும் மக்கானாச் செய்தி அதை ஈடுசெய்துவிட்டது.

தோட்டத்தில் ‘விட்டி பேரி’ என்ற மரத்தைப் பற்றி ஒருவர் பெருமையோடு சொன்னார். இலை ஒருவிதமாகவும் காய் வேறுவிதமாகவும் இருந்த சாதாரண மரமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அதில் என்ன சிறப்பு?

பதியன்

ஆர்லியில் நான் ஒரே ஒரு மரத்தைத்தான் காட்ட முடியும் என்றால், நூறடி உயரப் பைனை விட்டுவிட்டு இதைத்தான் காட்டுவேன்.

1678இல் வூஸ்டர் நகர மன்றத்தைச் சேர்ந்த எட்மண்ட் பிட் என்பவர், ஆர்லிக்கு அருகிலுள்ள வயர் காட்டில் தனித்து நின்ற ஒரு மரத்தைப் பற்றி லண்டன் அரச கழகத்தின் இதழில் எழுதினார். இலையைப் பார்த்தால், சிற்றிலைகள் இருபுறமும் வரிசையாக அமைந்த ரோவன் மரம், காயைப் பார்த்தால் சிறு பேரிக்காய். சுற்றுவட்டத்தில் அதுபோல இன்னொன்று கிடையாது. ‘சார்பஸ் டொமஸ்டிகா’ என்ற இந்த வகை தென் ஐரோப்பாவில் உண்டு. காயைப் பறித்தவுடன் கடித்தால் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நன்றாகக் கனிந்து பழுப்பேறி அழுகும் பதத்திற்கு வந்தால்தான் தின்ன முடியும். வயர் காட்டு மக்கள் அதை உணவாகக் கருதியதைவிடக் காப்பாகக் கருதியதே அதிகம். நாம் வாசலில் வேப்பிலை செருகுவதுபோல, சூனியம் அண்டாமலிருக்க அதன் துண்டுகளை வீடுகளில் தொங்கவிட்டார்கள்.

ஒற்றை மரம் என்பதால் தாவரவியலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பார்க்க வந்தார்கள். அது தானாக முளைத்ததா, பழங்காலத்தில் யாரோ நட்டதா என்ற வாதம் ஓயவில்லை. 1862இல் அந்த மரம் எரிக்கப்பட்டது. திருட்டு வேட்டையாடிய ஒருவன், தன்னைத் தண்டித்த நடுவர் மீதிருந்த கோபத்தை மரத்தின் மீது தீர்த்துக்கொண்டான் என்பது அங்கு வழங்கும் செய்தி. நூற்றெண்பது ஆண்டுக்கு மேல் ஏட்டில் இருந்த மரம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, மவுண்ட்நோரிஸ் பிரபுவின் காலத்தில், அதன் வழித்தோன்றல்களை ஆர்லியில் வளர்த்துவிட்டார்கள். அந்த ஆர்லி வம்சத்து மரம் ஒன்றை 1916இல் வயர் காட்டில் பழைய மரம் நின்ற இடத்திலேயே கொண்டுபோய் நட்டார்கள்.

இதில் பின்னொட்டு ஒன்றும் உண்டு. 1980களில் தென் வேல்ஸின் கடலோரப் பாறைச் செங்குத்துகளில் இதே மரங்கள் காட்டு நிலையில் கண்டுபிடிக்கப்பட்டன. அதன் பிறகு செவர்ன் கழிமுகப் பகுதியிலும் கிடைத்தன. பிரிட்டனில் இந்த இனம் இயற்கையாக வளர்வதே இல்லை என்று சொல்லிவந்தவர்கள் மறு சிந்தனைக்கு வர வேண்டியதாயிற்று. ஆகவே, உலகெங்கும் சுற்றிய ஒரு பிரபுவின் தோட்டத்தில் அரிய பொருளாக அமைந்தது, கூப்பிடு தூரத்தில் இருந்த உள்ளூர்க் காட்டு மரம்.

மருதத்திணை

விட்டி பேரிக் கதை நெகிழ வைக்கிறது. ஆனால் ஒரு முரண்பாட்டையும் பதிவு செய்ய விரும்புகிறேன். 1840லேயே ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளி டார்பி நகரத்தில் ஒரு மரத்தோட்டத்தை, லவுடனையே கொண்டு வடிவமைத்து, நகரத்தாருக்குக் கொடுத்துவிட்டார். ஆலைத் தொழிலாளி குடும்பத்தோடு அங்கே போய் மரங்களின் பெயரைப் படிக்க முடிந்தது. ஆர்லியோ 2002 வரை பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. இரண்டு நூற்றாண்டுகள் வேலிக்குள் இருந்த ஒரு சேகரிப்புக்கு இவ்வளவு பாராட்டு தகுமா? ‘மரத்தோட்டத்தை உருவாக்கியவர்’ என்று ஒரு பிரபுவைச் சொல்லும்போது, குழி தோண்டியவர்களும் நீர் சுமந்தவர்களும் எங்கே போனார்கள்?

ஏட்டுச்சுவடி

நியாயமான கேள்வி. இந்த இழையின் தலைப்புக்கு என் விடையையும் இதையொட்டியே சொல்கிறேன்.

வலென்ஷியா பிரபு தம் பயண நூலில் எழுதிய ஒரு கருத்தை வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். கல்கத்தாவில் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி கட்டிய புதிய ஆளுநர் மாளிகையின் செலவைக் கும்பெனியார் குறைகூறியபோது, இந்தியாவை அரண்மனையிலிருந்து ஆள வேண்டுமே தவிரக் கணக்கறையிலிருந்து அல்ல, இளவரசனின் எண்ணத்தோடு ஆள வேண்டுமே தவிர மஸ்லினும் அவுரியும் விற்கும் சில்லறை வணிகனின் எண்ணத்தோடு அல்ல என்று அவர் வாதாடினார். இந்த மனப்பான்மையோடுதான் ஆர்லிக்குத் திரும்பினார். முதுமையில் பழைய வீட்டைக் கோதிக் பாணிக் கோட்டையாக மாற்றிக் கட்டவும் செய்தார், அந்த வேலை நடந்த சில ஆண்டுகளிலேயே, 1844இல், காலமானார். மகன் அவருக்கு முன்பே இறந்துவிட்டதால் மவுண்ட்நோரிஸ் பட்டம் அவரோடு அற்றுப்போயிற்று. எட்டே ஆண்டுகளில், 1852இல், பண்ணை விலைபோனது. எகிப்தியத் தொல்பொருட்கள் உட்பட வீட்டுப் பொருட்கள் ஏலத்தில் சிதறின.

வாங்கியவர் யார் தெரியுமா? ராபர்ட் உட்வர்ட் என்ற லிவர்பூல் வணிகர். பிரபு எந்தக் கணக்கறையை இகழ்ந்தாரோ, அங்கிருந்து வந்தவர்தான் அவருடைய மரங்களுக்கு அடுத்த உரிமையாளரானார். மரங்களை வெட்டி விற்கத் தடுப்பார் யாரும் இல்லை. உட்வர்ட் குடும்பம் வெட்டவில்லை, நூறாண்டுக்கும் மேல் வைத்துக் காத்துப் புதிய வகைகளையும் சேர்த்தது. அக்குடும்பத்து இளையவரான இன்னொரு ராபர்ட் உட்வர்ட், 1907இல் தோட்டத்தின் மரஞ்செடிகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரித்து, ‘ஹார்ட்டஸ் ஆர்லியென்சிஸ்’ என்ற பெயரில் தம் செலவிலேயே அச்சிட்டார். கணக்கறை வழக்கம் தோட்டத்துக்குள் நுழைந்த இடம் அது.

1959இல் ரோஜர் டர்னர் என்பவர் பண்ணையை வாங்கினார். பராமரிக்க முடியாத கோட்டை 1960களில் இடிக்கப்பட்டது. பிரபு கல்லில் கட்டியது நூற்றிருபது ஆண்டுகூட முழுமையாக நிற்கவில்லை. 1999இல் டர்னர் இறந்த பின், அவருடைய அறக்கட்டளை தோட்டத்தை 2002இல் மக்களுக்குத் திறந்தது. மருதத்திணை அவர்களின் கண்டனம் அந்த வகையில் சரியே: டார்பிக்கு இருந்த பெருந்தன்மை ஆர்லிக்கு 162 ஆண்டுகள் கழித்து வந்தது.

பதியன்

பட்டியலைப் பற்றி ஒரு தோட்டக்காரனாகச் சில சொற்கள். பெயரும் வந்த வழியும் எழுதப்படாத அரிய மரம், அடுத்த தலைமுறைக்கு வெறும் மரம். முதல் நடவுக்காரர் இறந்து அறுபது ஆண்டுகள் கழித்து ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு எழுதியதால்தான், அக்காலத்து மரநூல் ஆசிரியர்களால் ஆர்லியை மேற்கோள் காட்ட முடிந்தது. பிரபு மரங்களைத் தந்தார், உட்வர்ட் அவற்றைச் சேகரிப்பாக ஆக்கினார். நான் இருவருக்கும் சமபங்கு கொடுக்க மாட்டேன், பின்னவருக்கே கூடுதல் கொடுப்பேன். இதில் சிலருக்கு உடன்பாடு இருக்காது என்று தெரியும்.

குழி தோண்டியவர்களைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் இருப்பது ஒரு மரம்தான். ஆர்லியில் கிளைகள் தரைவரை தாழ்ந்து, தொட்ட இடத்தில் வேர்விட்டு, மீண்டும் மேலெழுந்து நிற்கும் பீச் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆலமரத்தின் விழுது போலத் தோன்றும், ஆனால் அது விழுதல்ல, பதியன். நான் இந்தத் தளத்தில் வைத்துக்கொண்ட பெயரும் அதுதான். அப்படி ஒரு மரம் உருவாக வேண்டுமானால், தாழ்ந்த கிளைகளைப் புல் வெட்டுபவர் அரிவாளால் கழித்துவிடாமலும், கால்நடை கடித்துவிடாமலும் பல பத்தாண்டுகள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கிளைகளை விட்டுவைத்தவர்கள் பண்ணையின் தோட்ட வேலையாட்கள்.

மருதத்திணை

உட்வர்டுக்குக் கூடுதல் பங்கு என்பதை ஏற்கிறேன். பிரபுவுக்கு விட்டி பேரியின் பெயரால் மட்டும் ஒரு பங்கு கொடுக்கிறேன். வேலையாட்களின் பங்கைப் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

நாரை

அனைவருக்கும் நன்றி. ஒரு சிறு பிற்சேர்க்கை: ஆர்லி ரயில் பாதை திறக்கப்பட்டதும் 1862தான், அதாவது வயர் காட்டு மரம் எரிந்த அதே ஆண்டு. நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே ஆற்றைக் கடக்கும் விக்டோரியா பாலத்தின் 200 அடி வார்ப்பிரும்பு வளைவில் 1861 என்று பொறித்திருக்கிறார்கள். பயணிகள் போக்குவரத்து 1963இல் நின்றுபோய், பழைய நீராவி ரயிலாக 1974இல் மீண்டும் ஆர்லி வழியே ஓடத் தொடங்கியது.

பதியன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. வரும் அக்டோபரில் மீண்டும் போகிறேன். வயர் காட்டுக்குள் நடந்து 1916இல் நட்ட மரத்தையும் பார்த்துவிட எண்ணம். கீழே விழுந்து கிடக்கும் காயைத் தின்று பார்க்கலாமா, அல்லது அப்போதும் நாக்கை இழுக்குமா?

பதியன்

பழுப்பேறி, விரல் பட்டால் குழையும் பதத்தில் இருந்தால் தின்னலாம். பச்சையாக இருந்தால் வைக்கோலில் இரண்டு வாரம் போட்டு வையுங்கள். விதையைத் துப்பிவிடாமல் எடுத்து வையுங்கள்.